லேசரா, கண்ணாடியா? முதலில் கார்னியா கணக்கைப் போடுங்கள்

ஆப்டோமெட்ரிஸ்ட்:
கண்ணாடியைக் கழற்ற லேசர் சிகிச்சை பற்றிக் கேட்டு வருபவர்கள் எடுத்த எடுப்பில் சொல்வது பவரைத்தான். “மைனஸ் 6 இருக்கு, போயிடுமா?” பவர் பாதிக் கணக்குதான். கண்ணின் முன்புறம் கண்ணாடிபோல் இருக்கும் படலமான கார்னியா எவ்வளவு தடிமன் என்பது மீதிப் பாதி.

சராசரி கார்னியா 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் கூட. லேசிக் என்ற லேசர் முறையில் முதலில் மேலே ஒரு ஃபிளாப், அதாவது மூடிபோல் திறக்கும் மெல்லிய ஏடு, எடுப்பார்கள், ஃபெம்டோ லேசர் என்றால் சுமார் 110 மைக்ரான். அதன் அடியில் 6.5 மில்லிமீட்டர் வட்டத்துக்குச் செதுக்கினால் ஒரு டயாப்டருக்கு (பவரின் அலகு) ஏறக்குறைய 14 மைக்ரான் போகும். 520 மைக்ரான் கார்னியா, மைனஸ் 6 பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 110 ஃபிளாப், 84 செதுக்கல், அடியில் மிச்சம் 326. இது நிம்மதியான எண். அதே ஆளுக்கு 490 மைக்ரானும் மைனஸ் 7-ம் இருந்தால் மிச்சம் 282-தான். 250-க்குக் கீழே போகவே கூடாது என்பது பழைய எல்லை. இன்று பல மருத்துவர்கள் 300 வேண்டும் என்பார்கள். ஃபிளாப்பும் செதுக்கலும் சேர்ந்து மொத்தத் தடிமனில் 40 சதவீதத்தைத் தொட்டாலும் யோசிப்பார்கள். இந்த 490 கணக்கில் அது 42-ஐத் தாண்டுகிறது.

ஏன் இவ்வளவு கறார்? ஃபிளாப் ஒட்டிக்கொள்ளுமே தவிர, பழைய பலம் அதற்குத் திரும்பாது. கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தைத் தாங்க வேண்டியது அடியில் மிஞ்சும் பகுதிதான். அது மெலிந்தால் கார்னியா முன்னே பிதுங்கும், சிலிண்டர் பவர் (கார்னியாவின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததால் வரும் பவர்) ஏறிக்கொண்டே போகும். அதற்குப் பிறகு சாதாரணக் கண்ணாடியாலும் தெளிவு கிடைக்காது.

தடிமன் இருந்தாலும் வடிவம் சரியாக இருக்க வேண்டும். அதற்குத்தான் டோபோகிராபி, கார்னியாவின் வளைவை வரைபடமாக எடுக்கும் சோதனை. கார்னியா மெலிந்து கூம்பாகப் பிதுங்கும் கெரட்டோகோனஸ் நோய் ஆரம்ப நிலையில் இருந்தால் அறிகுறியே இருக்காது, வரைபடத்தில் மட்டும் கீழ்ப்பகுதி செங்குத்தாகத் தெரியும். கண்ணைத் தேய்க்கும் பழக்கம், சிலிண்டர் வருடா வருடம் மாறுவது, வீட்டில் யாருக்காவது அந்த நோய் இருப்பது, மூன்றையும் கேட்காமலே சொல்லிவிடுங்கள். சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் பரிசோதனைக்கு ஒன்று இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். கடின லென்ஸ் என்றால் மூன்று நான்கு வாரம். லென்ஸ் கார்னியாவை அமுக்கியே வைத்திருக்கும், எடுக்கிற எண்ணெல்லாம் தப்பாக வரும்.

ஒரு வருடத்தில் பவர் அரை டயாப்டருக்கு மேல் மாறியிருந்தால் காத்திருங்கள். 18 வயது முடிந்தது என்பது மட்டும் போதாது. கர்ப்பமாக இருப்பவர்கள், பாலூட்டுபவர்கள் தள்ளிப்போடுங்கள். அந்தச் சமயத்தில் பவரே நிலையாக இருக்காது.

லேசர் தியேட்டர் டெக்னீஷியன்:
சார் போட்ட கணக்கோடு ஒன்று சேர்க்கிறேன். 490 வந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பிஆர்கே என்ற இன்னொரு லேசர் முறையில் ஃபிளாப் கிடையாது. மேல்தோலைச் சுரண்டிவிட்டு நேராகச் செதுக்குவார்கள், அடியில் கூடுதலாக மிஞ்சும். விலை என்னவென்றால் வலி. மூன்றாம் நாள் வரை கண் எரியும், புண்ணை மூடும் பாண்டேஜ் லென்ஸ் நாலைந்து நாள் இருக்கும், பார்வை முழுதாகத் தெளிய ஒன்று முதல் மூன்று மாதம் ஆகலாம். கபடி, குத்துச்சண்டை, காவல் வேலை என்று முகத்தில் அடிபட வாய்ப்புள்ளவர்களுக்கு, தடிமன் போதுமான அளவு இருந்தாலும் இதுதான் பொருத்தம். நகர்ந்துபோக ஃபிளாப்பே இல்லை.

ஸ்மைல் என்ற லேசர் முறையில் சிறு கீறல் வழியாக உள்ளிருந்து ஒரு மெல்லிய வில்லையை உருவி எடுப்பார்கள். அறுபடும் நரம்பு குறைவு என்பதால் கண் வறட்சி கொஞ்சம் குறையும். பவர் ரொம்ப அதிகமென்றால் ஐசிஎல், அதாவது கண்ணுக்குள்ளேயே வைக்கும் லென்ஸ். அதற்கு உள்ளே இடம் வேண்டும், முன்னறை ஆழம் (கார்னியாவுக்கும் கண்ணின் சொந்த லென்ஸுக்கும் இடையே உள்ள இடைவெளி) குறைந்தது 2.8 மில்லிமீட்டர்.

மேசையில் படுத்ததும் பலர் கேட்பது, “கண்ணைச் சுட்டுடுமா?” சுடாது. எக்ஸைமர் லேசரின் அலைநீளம் 193 நானோமீட்டர். ஒரு துடிப்புக்குக் கால் மைக்ரான் அளவு திசு ஆவியாகப் போகிறது, பக்கத்துத் திசு சூடாவதில்லை. 1981-இல் ஐபிஎம் ஆய்வகத்தில் இதைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன் என்பது நம் ஊரில் பலருக்கும் தெரியாமலே இருக்கிறது. கருகுகிற மாதிரி வாடை வரும், பயப்பட வேண்டாம். ஃபிளாப் எடுக்கக் கண்ணைப் பிடிக்கும்போது சில விநாடி பார்வை மங்கும், அதுவும் இயல்புதான். விளக்கையே பார்த்துக்கொண்டிருங்கள்.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவர்:
கண்ணாடி ஒத்துக்கவில்லை என்பதற்காகவே லேசருக்குப் போகிறவர்கள் உண்டு. போவதற்கு முன் அந்தக் கண்ணாடி சரியாகப் பொருத்தியதுதானா என்று பாருங்கள். மைனஸ் 6 லென்ஸில் மையம் கண்பாப்பாவுக்கு நேரே இல்லாமல் 3 மில்லிமீட்டர் விலகினால் 1.8 ப்ரிஸம், அதாவது ஒளியை ஒரு பக்கமாக வளைக்கும் விளைவு, வந்துவிடும். சாயங்காலத் தலைவலிக்கு அதுவே காரணமாக இருக்கலாம். இரண்டு கண்ணின் தூரத்தையும் மொத்தமாக அளக்காமல், மூக்கிலிருந்து தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள்.

ஃபிரேம் பெரிதாக இருந்தால் மைனஸ் லென்ஸின் ஓரம் தடிக்கும். சின்ன ஃபிரேம், மெல்லிய 1.67 இன்டெக்ஸ் லென்ஸ், ஆன்டி ரிஃப்ளெக்ஷன் கோட்டிங், இந்த மூன்றும் சேர்ந்தால் மைனஸ் 6 கண்ணாடி பார்க்கவும் போடவும் லேசாக இருக்கும். மைனஸ் 10 போடுபவருக்கு ஃபிரேம் மூக்கில் 4 மில்லிமீட்டர் சரிந்தாலே 0.4 டயாப்டர் குறைந்த மாதிரி ஆகும். பவர் ஏறிவிட்டது என்று நினைப்பார். நோஸ் பேடை இறுக்கினால் சரியாகிவிடும்.

நாற்பதை நெருங்கியவர்கள் இதை அவசியம் யோசிக்க வேண்டும். மைனஸ் 3 ஆளுக்குக் கண்ணாடியைக் கழற்றினால் 33 சென்டிமீட்டரில் எல்லாம் பளிச்சென்று தெரியும். நகை வேலை, தையல், ப்ரூஃப் பார்ப்பது என்று கிட்டத்தில் பிழைப்பு நடத்துபவர் லேசர் செய்தால் அந்த வசதி போய்விடும், படிக்க ப்ளஸ் கண்ணாடி வந்து சேரும். ஒரு கண்ணைக் கிட்டத்துக்கு விட்டுவைக்கலாம் என்று சொன்னால், முதலில் கான்டாக்ட் லென்ஸில் ஒரு வாரம் அப்படி இருந்து பாருங்கள்.

கண் பிரிவு செவிலியர்:
லேசிக்குக்குப் பின் முதல் நாலைந்து மணி நேரம் எரிச்சலும் தண்ணீரும் இருக்கும், கண்ணை மூடித் தூங்குவதே நல்லது. இரவில் ஒரு வாரம் ஷீல்டு (கண்ணை மறைக்கும் மூடி) கட்டாயம், தூக்கத்தில் கை தன்னாலே தேய்க்கப் போகும். இரண்டு சொட்டு மருந்துக்கு இடையே ஐந்து நிமிடம் விடுங்கள், இல்லையென்றால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். தலைக்குக் குளிப்பதென்றால் சலூனில் போல பின்பக்கம் சாய்ந்து. கண் மை சில வாரம் வேண்டாம், நீச்சல் ஒரு மாதம் வேண்டாம்.

திடீரென்று வலி கூடினாலோ பார்வை குறைந்தாலோ அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காதீர்கள். ஃபிளாப்பில் சுருக்கம் விழுந்திருந்தால் ஓரிரு நாளுக்குள் நீவிவிடுவது சுலபம், நாள் போனால் படிந்துவிடும்.

ஸ்டீராய்டு சொட்டை மருந்துக் கடையில் வாங்கி நீங்களாகத் தொடர வேண்டாம். கண் அழுத்தம் ஏறும். லேசருக்குப் பின் கார்னியா மெலிந்திருப்பதால் கருவி அந்த அழுத்தத்தைக் குறைத்தே காட்டும், ஏறியது தெரியாமலே போய்விடலாம். பின்னாளில் வேறு எந்தக் கண் மருத்துவரிடம் போனாலும் முதல் வார்த்தையாக லேசர் செய்ததைச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே கண் வறண்டு இருப்பவர்களுக்கு லேசருக்குப் பின் வறட்சி கூடும். ஷர்மர் பரிசோதனையில் கீழ் இமையில் காகிதத்தை ஐந்து நிமிடம் வைப்பார்கள். 10 மில்லிமீட்டருக்குக் கீழே நனைந்தால் முதலில் வறட்சிக்கு வைத்தியம், பிறகுதான் லேசர். நாள் முழுக்க ஏசியில் திரையைப் பார்ப்பவர்கள் இந்தச் சோதனையைக் கேட்டே வாங்குங்கள்.

ஆப்டோமெட்ரிஸ்ட்:
விட்டுப்போன சில. பாப்பாவை விரித்து விழித்திரை பார்க்காமல் தேதி வாங்க வேண்டாம். மைனஸ் கண் நீளமான கண். லேசர் முன்புறத்தைத்தான் மாற்றுகிறது, பின்னால் விழித்திரை கிழியும் அபாயம் அப்படியேதான் இருக்கும். உதவி லோகோ பைலட் வேலைக்குப் படிப்பவர்கள் செய்யவே கூடாது, லேசிக் செய்தவர்களுக்கு ரயில்வே அந்தப் பணியில் தகுதி தருவதில்லை. மருத்துவக் காப்பீட்டில் 7.5 டயாப்டருக்குக் குறைவான பவருக்குச் செய்யும் சிகிச்சை விலக்கப்பட்டிருக்கும்.

அறுவைக்கு முந்தைய பவர், கெரட்டோமெட்ரி (கார்னியா வளைவின் அளவு), தடிமன் இருக்கும் தாளைக் கேட்டு வாங்கி வையுங்கள். அறுபது வயதில் கண்புரைக்கு லென்ஸ் வைக்கும்போது அதன் பவரைக் கணக்கிட கார்னியாவின் வளைவு வேண்டும், லேசர் அதை மாற்றிவிட்டிருக்கும். அந்தத் தாள் இருந்தால் கணக்கில் பிழை குறையும்.