டிரை சம்ப்: உலர்தொட்டியா, வறுமடுவா?

நண்பர்களே, 1954இல் லெ மான்ஸில் களமிறங்கிய ஜாகுவார் டி-டைப் பந்தயக் கார் பற்றிய கட்டுரை நாளை மாலை அச்சுக்குப் போகிறது. 'டிரை சம்ப்' மட்டும் தமிழாகாமல் நிற்கிறது. என்ஜின் அடியில் எண்ணெயைத் தேங்கவிடாமல் ஒரு பம்ப் உறிஞ்சித் தனித் தொட்டிக்கு அனுப்பும். இன்னொன்று அங்கிருந்து பேரிங்குகளுக்குத் தள்ளும். 'சம்ப்' எனும் அடிக்கிண்ணம் ஆழமில்லாததால் என்ஜின் தாழ இறங்கியது. காரின் உடலை வரைந்த மால்கம் சேயருக்கு அதுவும் போதவில்லை, என்ஜினை 8.5 பாகை சாய்த்தும் வைத்தார்கள். 'உலர்த்தொட்டி' சரியா?

> உலர்த்தொட்டி

உலர்தொட்டி. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஆனால் சொல்லே ஆகாது: தொட்டியில்தானே எண்ணெய் இருக்கிறது, உலர்ந்தது கீழே உள்ளதல்லவா? ஆற்றில் நீர் தேங்கும் பள்ளம் மடு. வெறுமைக்கு 'வறு': வறுங்கை, வறுநிலம், வறுமை. ஆக, வறுமடு.

> வறுமடு

படிப்பவருக்கு மீன் வறுவல்தான் நினைவு வரும். பட்டறையில் 'ஆயில் சேம்பர்' என்கிறார்கள். வெறும் 'சம்ப்' என்றால் சென்னையில் தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி.

> வறுவல்

வறுத்தலும் நீர் வற்றச் செய்வதே. வற்று, வறள், வறு...

ஐயா, வேரை விடுங்கள். உலர், வறு இரண்டுமே பொய். வண்டி நாள்கணக்கில் நின்றால் எண்ணெய் மெல்லத் தொட்டியிலிருந்து கிண்ணத்துக்கு இறங்கிவிடும். குளிர்ந்திருக்கும்போது அளவு பார்த்து, குறைகிறதே என்று ஊற்றினால், ஓடத் தொடங்கியதும் தொட்டியின் மூச்சுக்குழாய் வழியே பொங்கி வழியும். நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, நிறுத்திய கையோடு பார்க்க வேண்டும். பெயர் வேலையைச் சொல்லட்டும். சாதாரண என்ஜினில் வளைவில் எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கும், உறிஞ்சுகுழல் காற்றை இழுக்கும், அழுத்தம் விழும், பேரிங் போகும். இங்கே எண்ணெய் உயரமான தொட்டியில் இருப்பதால் தள்ளும் பம்புக்குக் காற்று சிக்காது. நுரையையும் சேர்த்து இழுக்க வேண்டியிருப்பதால் உறிஞ்சும் பம்ப்தான் பெரியது. எண்ணெயிட்டு உராய்வைக் குறைப்பது உயவு. ஆக, 'தனித்தொட்டி உயவு' என்பேன்.

> உயவு

உயவு என்றால் வருத்தம். சங்கப் பாடல்களில் 'உயவுத்துணை' துன்பத்தில் துணை. என்ஜினுக்கு என்ன துன்பம்? மசகு என்னுங்கள்.

பாடநூலிலேயே 'உயவு எண்ணெய்' வந்துவிட்டது. இனி மாற்ற முடியாது.

சரி. பெரும்பாலோர் தனித்தொட்டி பக்கம். முதல் இடத்தில் 'டிரை சம்ப் எனும் தனித்தொட்டி உயவு', பிறகு 'தனித்தொட்டி' மட்டும். கீழே உள்ளது 'எண்ணெய்க் கிண்ணம்'. பக்கத்தை அனுப்பிவிடுகிறேன்.

> தனித்தொட்டி

அப்படியானால் எண்ணெய் அடிக்கிண்ணத்திலேயே தேங்கும் சாதாரண வகைக்கு, அதாவது வெட் சம்ப்புக்கு என்ன பெயர், 'தனியல்லாத தொட்டி'யா? வறுமடு என்றால் எதிரே நிறைமடு நிற்கும். என் வாக்கு இன்னமும் வறுமடுவுக்கே.