வேறொரு விமானமாக நடிக்கும் விமானத்துக்கு என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம்.

முதல் உலகப்போரை வைத்து எடுத்த பழைய படங்களில் பறக்கும் விமானங்களை இனங்காண்பது பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல் கிடைக்காமல் முதல் பக்கத்திலேயே நிற்கிறது. திரையில் ஒரு விமானம் ஜெர்மனியின் கோத்தா குண்டுவீச்சு விமானமாக வருகிறது. உண்மையில் அது அமெரிக்காவில் கட்டிய வேறொன்று. அப்படி வரும் விமானத்தை என்னவென்று சொல்வது? போன மடலில் கேட்டதற்குப் போலி விமானம், மாற்று விமானம், டூப் விமானம் என்று மூன்று சொற்கள் வந்தன. யோசித்துப் பார்த்ததை எழுதுகிறேன்.

போலி என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. 1930-இல் வெளியான ஹோவர்ட் ஹியூஸின் 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' படத்தில் கோத்தாவாக வருவது சிக்கோர்ஸ்கி எஸ்-29-ஏ. ரஷ்யாவை விட்டு வந்த இகோர் சிக்கோர்ஸ்கி அமெரிக்காவில் கட்டிய முதல் விமானம் அது. பெயரின் கடைசியில் உள்ள 'ஏ' அமெரிக்காவைக் குறிக்கும். நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் ஒரு கோழிப்பண்ணையில் வைத்துத்தான் வேலையைத் தொடங்கினார்கள். பணம் தீர்ந்துபோன நேரத்தில் இசையமைப்பாளர் ராக்மனினாஃப் 5,000 டாலர் கொடுத்தார். 1924-இல் பறந்தது. 1929-இல் இந்தப் படத்துக்காகப் பறந்தபோது விழுந்து நொறுங்கியது. விமானி பாராசூட்டில் குதித்துவிட்டார். உள்ளே புகை கிளப்பிக்கொண்டிருந்த மெக்கானிக் தப்பவில்லை. இத்தனை வரலாறு உள்ள விமானத்தைப் போலி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதில் போலியாக எதுவுமே இல்லை.

மாற்று விமானம் என்றால், நம் விமானம் தாமதமானதும் கம்பெனி ஏற்பாடு செய்து தரும் இன்னொரு விமானம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதனால் அது வேண்டாம்.

டூப் நம் சினிமாக்காரர்களின் சொல், எனக்கும் பிடித்த சொல். ஆனால் டூப் என்றால் கதாநாயகன் ஒருவர் இருக்கவேண்டும். அவர் முகம் மற்ற காட்சிகளில் தெரியும், சண்டையில் மட்டும் டூப் வருவார். 1927-இல் வந்த 'விங்ஸ்' படத்தில் அசல் கோத்தா எந்தக் காட்சியிலும் இல்லை. தொடக்கம் முதல் முடிவு வரை அமெரிக்கக் குண்டுவீச்சு விமானமான மார்ட்டின் எம்பி-2 தான் அந்தப் பாத்திரத்தை ஏற்றிருக்கிறது. இது டூப் இல்லை, நடிகர்.

அதனால் என் பரிந்துரை: வேட விமானம். கூத்தில் வேடம் கட்டுகிறவரை யாரும் போலி என்பதில்லை. அவருக்குச் சொந்தப் பெயர் உண்டு, ஏற்ற பாத்திரத்துக்கும் பெயர் உண்டு. இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம். விமானத்துக்கும் அதுதான் தேவை.

இன்னொரு லாபமும் உண்டு. நகல் என்ற சொல்லை அதன் சரியான இடத்துக்கு விட்டுவிடலாம். 1966-இல் வந்த 'தி ப்ளூ மேக்ஸ்' பிற்காலப் படம்தான், ஆனாலும் வேறுபாடு அதில் நன்றாகத் தெரியும். அதற்காக ஜெர்மன் சண்டை விமானங்களான ஃபோக்கர் டி.7, ஃபால்ஸ் டி.3 ஆகியவற்றைப் புதிதாகக் கட்டினார்கள். அவை நகல்கள். அதே படத்தில் டைகர் மாத், ஸ்டாம்ப் போன்ற பயிற்சி விமானங்களுக்கும் ஒப்பனை செய்து பறக்கவிட்டார்கள். அவை வேட விமானங்கள். 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' படத்தின் செப்பலின் ஆகாயக் கப்பல் சிறிய அளவில் செய்த பொம்மை, அதைச் சிறுமாதிரி என்போம். இந்த மூன்றையும் பிரிக்காமல் இனங்காணும் வேலையையே தொடங்க முடியாது.

வேடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அம்மா ஒருவர் கேட்டிருந்தார். பெயிண்டை மட்டும் நம்பாதீர்கள், உடலமைப்பைப் பாருங்கள். 'விங்ஸ்' படத்தில் ஜெர்மன் சண்டை விமானங்களாக வருபவை கர்டிஸ் பி-1 ஹாக். ஜெர்மன் சின்னத்தை எவ்வளவு பெரிதாக வரைந்தாலும் அதன் இறக்கை நுனியை நோக்கிக் குறுகுவதை மறைக்க முடியாது. ஃபோக்கர் டி.7-இன் இறக்கை கடைசி வரை ஏறக்குறைய ஒரே அகலம். ஹாக்கின் ரேடியேட்டர் மூக்குக்குக் கீழே தாடை போலத் தொங்கும். ஃபோக்கருக்கு அது காரில் இருப்பதுபோல் நேர் முன்னால் இருக்கும். அமெரிக்கத் தரப்பு ஓட்டும் பிரெஞ்சுச் சண்டை விமானமான ஸ்பாடாக வருவது தாமஸ்-மோர்ஸ் எம்பி-3. போர் 1918 நவம்பரில் முடிந்தது. எம்பி-3 முதலில் பறந்ததே 1919-இல்தான்.

கோத்தா இன்னும் எளிது. அசல் கோத்தாவில் விசிறிகள் இறக்கைக்குப் பின்னால் நின்று தள்ளும். எம்பி-2, எஸ்-29-ஏ இரண்டிலும் விசிறிகள் முன்னால் நின்று இழுக்கும். எம்பி-2-க்கு வாலில் இரட்டைச் செங்குத்துத் துடுப்புகள், கோத்தாவுக்கு ஒன்றே ஒன்று. ஒரு காட்சியை நிறுத்திப் பார்த்தாலே போதும்.

'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' படத்தில் ஃபோக்கர் டி.7 வேடம் டிராவல் ஏர் விமானங்களுக்கு. கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் செய்தவை என்பதால் 'விச்சிட்டா ஃபோக்கர்' என்றே பெயர் வந்துவிட்டது. சொந்த ஊரையும் ஏற்ற வேடத்தையும் சேர்த்து வந்த பெயர் இது. நாம் தேடுவதும் இப்படி ஒன்றைத்தான்.

யாழ்ப்பாணத்து நண்பர் வானூர்தி என்பதை வைத்து 'வேடவூர்தி' என்று சொல்லலாமே என்றார். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒரே சொல்லாகச் சேர்ந்துவிட்டால் வேடர்கள் ஏறிப்போகும் ஊர்தி என்று படிக்க இடமிருக்கிறது. 'வேட வானூர்தி' என்று பிரித்து எழுதினால் எனக்கு முழுச் சம்மதம். வேடதாரி வேண்டாம், ஏமாற்றுக்காரன் என்ற பொருள் அதில் ஊறிவிட்டது.

படங்களுக்குக் கீழே இப்படி எழுதலாம் என்று இருக்கிறேன்:

சிக்கோர்ஸ்கி எஸ்-29-ஏ, கோத்தா வேடத்தில்.
கர்டிஸ் பி-1 ஹாக், ஜெர்மன் சண்டை விமான வேடத்தில்.

நாடக நோட்டீஸில் நடிகர் பெயரும் பாத்திரமும் வருவது போலவே இருக்கிறது, படிக்கிறவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது. மறுப்பு இருந்தால் கட்டுரை அச்சுக்குப் போகும் முன் எழுதுங்கள்.

அன்புடன்.