பொருள்: வினையூக்கி ‘சோர்வதற்கு’ ஒரு சொல் (வெள்ளிக்குள் தேவை)

பாடம் எழுதுபவர்:
நண்பர்களே, செயற்கை எரிபொருள் பாடத்தை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். வேதியியலாளர்கள் ஃபிஷரும் ட்ராப்ஷும் 1925இல் ஜெர்மனியின் மூல்ஹைமில் கண்ட முறை. கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் வினையை விரைவுபடுத்தும் வினையூக்கியான சூடான கோபால்ட்டின் மேல் செலுத்தினால் மெழுகும் டீசலும் கிடைக்கும். நாள்பட அந்தக் கோபால்ட்டின் வேகம் குறைவதைச் ‘செயலிழப்பு’ என்று எழுதினேன். “கை கால் செயலிழந்தது போலவா ஐயா? பிறகு எப்படித் திரும்ப வேலை செய்கிறது?” என்றாள் ஒரு மாணவி. விழித்தேன்.

தமிழாசிரியை:
அவள் கேட்டது சரி. இழப்பு என்றால் போனது போனதுதான். இதுவோ தேய்பிறை. துளைகளில் அடைத்த மெழுகை ஹைட்ரஜன் செலுத்தி நீக்கினால் பிறை மறுபடி வளரும். ‘ஊக்கத்தேய்வு’ என்போம்.

ஆலையில் இருந்தவர்:
தேய்வு வேண்டாம் அம்மா. மெழுகுக் குழம்பில் மிதக்கும் வினையூக்கி மணிகள் உரசி உரசிக் கறுப்பு மாவாகி வடிகட்டியை அடைக்கும். அதுதான் எங்களுக்குத் தேய்வு. இரும்பு வினையூக்கி என்றால் மலிவு, கழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம். கோபால்ட்டை எறிய மனம் வராது. அதனால்தான் இவ்வளவு பாடு.

மூத்த உறுப்பினர்:
‘சோர்வு’ இருக்க ஏன் அலைகிறீர்கள்? குழல் சோரும், கண்ணீர் சோரும், ஆடை சோரும். நிலையிலிருந்து நழுவுவதே சோர்தல். வெப்பத்தில் கோபால்ட் நுண்துகள்கள் நகர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்து பருத்துவிடுகின்றன. வினை நடக்கும் பரப்பு சுருங்குகிறது. இதுவும் நழுவல்தானே? ‘சோரம்’கூட இந்த வேரில் பிறந்ததே.

யாழ்ப்பாணத்தில் படித்தவர்:
சோரம் வடமொழி ஐயா. கந்தகம் ஒட்டிய கோபால்ட் சோர்வதில்லை, சாகிறது. ஹைட்ரஜன் கொடுத்தாலும் எளிதில் எழாது. அதற்கு ‘நச்சேற்றம்’ தனியாக இருக்கட்டும். மேலும், நாங்கள் ‘ஊக்கி’ என்றே படித்தோம். முன்னால் ‘வினை’ எதற்கு? என் அம்மாவுக்கு அது முன்வினைதான்.

தமிழாசிரியை:
ஊக்கம் கைவிடக் கூடாதென்று ஒன்றாம் வகுப்பிலேயே படித்தோம், கோபால்ட்டுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. சரி, தேய்வைத் திரும்பப் பெறுகிறேன்.

பாடம் எழுதுபவர்:
இன்று வியாழன் இரவு. பொதுப்பெயர் ‘செயல்திறன் குறைதல்’. உள்ளே நச்சேற்றம், மெழுகடைப்பு, துகள் திரளல், கரிபடிதல். மூன்று பேர் சரி என்கிறார்கள். அனுப்பிவிட்டேன்.

மூத்த உறுப்பினர்:
‘செயல்திறன் குறைதல்’ சொல் அல்ல, வாக்கியத்தில் பாதி. என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். ‘சோர்’ வேருக்கு இன்னும் பதினொரு சான்றுகள் எடுத்து வைத்திருக்கிறேன். காலையில் தட்டச்சு செய்து அனுப்புகிறேன்.