9-க்கு 10 ரூம்ல பங்க் பெட்: எட்டு வயசுப் பொண்ணு மேல படுக்கலாமா?

கொருக்குப்பேட்டைவாசி:
புள்ளைங்களுக்கு பங்க் பெட் (ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குன கட்டில்) போடணும். ரூம் 9-க்கு 10 அடி. மேல் தளம் ஒன்பதரை அடி உயரம். நடுவுல 48 இன்ச் சீலிங் ஃபேன், இறக்கை தரையிலேர்ந்து எட்டேகால் அடி. பொண்ணுக்கு 8, பையனுக்கு நாலரை. மேல யார், கீழ யார்? பையனும் மேலதான் வேணும்னு அடம் புடிக்கிறான். ஸ்டீலா, ப்ளைவுட்டா? அப்புறம், பெரியவளுக்கு இனிமே என்ன வேலை பழக்கலாம்? கடை, அடுப்பு, தண்ணி, தம்பியப் பாத்துக்கறது, எது எப்போ?

இழைப்புளி:
வயசு அப்புறம் சார், மொதல்ல ஃபேனப் பாருங்க. கட்டில பத்தடி சுவத்த ஒட்டிப் போட்டா மூணடி போயிடும். ஃபேன் நடு அந்த சுவத்துலேர்ந்து நாலரை அடி, இறக்கை ரெண்டடி. அதாவது இறக்கை நுனி கட்டிலுக்கு மேல அரையடி உள்ள வந்து சுத்தும். மேல் மெத்தை அஞ்சடி உயரத்துல இருந்தா, எட்டு வயசுப் புள்ள உக்காந்துகிட்டு கை தூக்குனாலே எட்டேகால் அடி எட்டிடும். எழுந்து நின்னா தலையே மாட்டும். சின்ன ஃபேன் மாத்துனாலும் கை எட்டுற தூரம்தான். சீலிங் ஃபேனக் கழட்டிட்டு எதிர் சுவத்துல 16 இன்ச் வால் ஃபேன் மாட்டுங்க. இதுக்கு ஒத்துக்கலன்னா பங்க் பெட் வேணாம். கட்டிலுக்கு அடியிலேர்ந்து வெளிய இழுக்குற டிராயர் கட்டில் செஞ்சிக்கலாம்.

ஆறு வயசுக்குக் கீழ மேல் கட்டில் கூடாது, அதனால பையன் கீழதான். ஏணிய கொக்கி வச்சு கழட்டுற மாதிரி செய்யச் சொல்லுங்க, பகல்ல எடுத்து வச்சிடலாம். நாலரை வயசு சும்மா இருக்காது.

தடுப்பு மெத்தைக்கு மேல கொறஞ்சது 5 இன்ச் நிக்கணும். பலகையிலேர்ந்து 9 இன்ச் வச்சு 4 இன்ச் மெத்தை போட்டா சரியா வரும். ஆறு மாசம் கழிச்சு யாராவது 6 இன்ச் மெத்தை வாங்கிப் போடுவாங்க, தடுப்பு மூணு இன்ச்சா ஆயிடும். எல்லா வீட்லயும் நடக்கற தப்பு இது. சுவர் பக்கமும் தடுப்பு வேணும். கம்பி இடைவெளி மூணரை இன்ச்சுக்கு மேல போகக்கூடாது: கால் வழியா ஒடம்பு வழுக்கி எறங்கிடும், தலை மாட்டிக்கும்.

கடலோரக் காத்துக்கு ஸ்டீல் தாங்கணும்னா 16 கேஜ் (தகடு கனம்) பைப்பு, துரு புடிக்காம இருக்க ரெட் ஆக்சைடு பூச்சு, மேல பெயின்ட். துரு மொதல்ல புடிக்கறது கால் நுனியில, தரை தொடைக்கிற தண்ணி பைப்புக்குள்ள ஏறி உள்ளேர்ந்து அரிக்கும். ரப்பர் கேப்ப அப்பப்ப கழட்டிப் பாருங்க. மரமோ இரும்போ, போல்ட்டுக்கு நைலாக் நட் (உள்ள நைலான் வளையம் வச்சது, சீக்கிரம் லூசாகாது) போடுங்க. மொத ரெண்டு வாரத்துல ஒரு தடவை, அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை முடுக்குங்க. கிறீச்சுன்னா எங்கியோ லூசு.

ராயபுரம் டீச்சர்:
ஆறு வயசுங்கறது ஆரம்பம்தான், தகுதி இல்ல. தூக்கக் கலக்கத்துல பாத்ரூமுக்கு எழுந்தா ஏணியப் பாத்தபடி பின்னால எறங்குறாளான்னு பாருங்க. லைட்ட அணைச்சிட்டு, சின்ன நைட் லேம்ப் மட்டும் வச்சு பழக்குங்க. தூக்கத்துல நடக்கற புள்ளைக்கு எந்த வயசுலயும் மேல வேணாம்.

வேலைன்னா, மேல படுக்குறவ மெத்தை விரிப்ப அவளே மடிக்கட்டும். கடை: நம்ம தெருவுலயே, ரோடு தாண்டாத கடை, ரெண்டே சாமான், மீதிய எண்ணி வாங்கிட்டு வரணும். எண்ணூர் ரோடு பக்கம் தனியா வேணவே வேணாம். கன்டெய்னர் லாரி டிரைவருக்கு முன்சக்கரத்துக்குப் பக்கத்துல நிக்கற குட்டிப் புள்ள தெரியவே தெரியாது. தண்ணி: முழுக் குடம் 15 லிட்டர் வரும், இடுப்பு தாங்காது. பாதி பக்கெட் போதும். ஈரக் கையோட மோட்டர் சுவிட்ச் தொடக்கூடாது.

அடுப்ப இப்ப பத்தவைக்க வேணாம். ரெகுலேட்டர மூடுறதும், கேஸ் வாசனை வந்தா சுவிட்ச் எதையும் தொடாம ஜன்னலத் தொறந்துட்டு வெளிய வர்றதும் இப்பவே கத்துக் குடுங்க. மேடை மேல முழங்கை தாராளமா எட்டுற வரைக்கும் அடுப்பு கெடையாது. ஸ்டூல் போட்டு நிக்கறது அதவிட மோசம், சாய்ஞ்சா பாவாடை நெருப்புல. கஞ்சி வடிக்கறதெல்லாம் பன்னெண்டுக்கு மேல.

தம்பிகூட விளையாடட்டும், "பாத்துக்கோ"ன்னு விட்டுட்டு கதவப் பூட்டிட்டுப் போகாதீங்க. மேல் கட்டில் குடுத்தது அதுக்கான கூலி இல்லங்க.

கொருக்குப்பேட்டைவாசி:
வால் ஃபேன் போட்டுடறேன். கொசுவலை மேல கட்டலாமா?

இழைப்புளி:
கயித்துல தொங்க விடாதீங்க, கழுத்துல சுத்திக்கும். துப்பட்டா, தூளி எதையும் மேல் கம்பியில கட்டக்கூடாது. ஜன்னலுக்கு வெல்க்ரோ வலை ஒட்டுங்க. சட்டத்த நல்லா தொடச்சு காயவச்சிட்டு ஒட்டலேன்னா ரெண்டு நாள்ல உரிஞ்சுடும்.