உள்சாய்வு வேண்டாம், உள்திருப்பம்

அண்ணே, வணக்கம்.

ஒலிபெருக்கியின் முகத்தைக் கேட்பவர் பக்கம் திருப்பி வைக்கும் 'டோ-இன்'னுக்குத் தமிழ்ச் சொல்லாக நீங்கள் தந்த 'உள்சாய்வு' எனக்கு ஒப்பவில்லை. சாய்வு என்று படித்தவர் பெட்டியின் அடியில் கட்டையைச் செருகுவார். மேல்சுரத்தை ஒலிக்கும் சிறு ஒலிபெருக்கியான ட்வீட்டர் கூரையைப் பார்க்கும். இங்கே பெட்டி நிமிர்ந்தே நிற்கிறது, நின்ற இடத்தில் திரும்புகிறது. சுங்கை சிப்புட் ஊர் டயர் கடையிலும் இரண்டும் வேறுதான்: சக்கரம் திரும்பினால் 'டோ', சாய்ந்தால் 'கேம்பர்'. 'உட்கோணம்' என்பதும் ஆகாது. தமிழ்ப்பள்ளிக் கணிதத்தில் அது முக்கோணத்தின் உள்ளே இருக்கும் கோணம். இந்த வேலையிலும் ஒரு முக்கோணம் வருகிறது.

என் சொல் 'உள்திருப்பம்'. தோட்டத்து லயத்து வீட்டு முன்னறையை 10க்கு 12 அடி என்று வைத்துக்கொள்வோம். 10 அடிச் சுவர்ப்பக்கம் பெட்டிகள்; ட்வீட்டருக்கு ட்வீட்டர் 180 செ.மீ., ஒவ்வொன்றிலிருந்தும் காதுக்கு அதே 180. இப்படிச் சமபக்க முக்கோணம் அமைந்தால் 30 பாகை திருப்பத்தில் ட்வீட்டர் காதை நேரே பார்க்கும். திருப்பமே இல்லாவிட்டால் மேல்சுரம் பக்கச் சுவரில் கூடுதலாகப் பட்டுத் தெறித்து, நடுக் குரல் கலங்கும்.

15 பாகையில் தொடங்குவது நல்லது. ட்வீட்டருக்கு நேர் கீழே உள்ள புள்ளியை அச்சாகக் கொண்டு திருப்ப வேண்டும். இல்லையேல் அந்த 180 செ.மீ. தூரம் மாறிவிடும். பெட்டியின் அகலம் 20 செ.மீ. என்றால், பின்மூலைகள் இரண்டிலிருந்தும் பின்சுவருக்கு அளவுநாடா பிடியுங்கள். உள்பக்க மூலை 5.2 செ.மீ. நெருங்கியிருந்தால் 15 பாகை, 10 செ.மீ. என்றால் 30. மறுபெட்டியிலும் அதே வித்தியாசம் வர வேண்டும். பிறகு மின்னல் எஃப்.எம். வானொலி அறிவிப்பாளர் குரலை வையுங்கள். குரல் நட்டநடுவில் நிற்காமல் ஒரு பக்கம் இழுத்தால் முதலில் இந்த இரண்டு அளவையும் சரிபாருங்கள். 'ஸ்' காதைக் குத்தினால் 5 பாகை குறைக்கலாம், அதாவது சுமார் 1.7 செ.மீ. குரல் பரந்து மிதந்தால் கூட்டுங்கள்.

அடுக்குக் கண்ணாடிச் சன்னல் கடகடப்பது மட்டும் இதனால் தீராது. தாழ்சுரம் எல்லாப் பக்கமும் பரவும், எந்தத் திருப்பத்துக்கும் அடங்காது. கண்ணாடியைப் பிடித்திருக்கும் தகட்டை இறுக்கி, இடையில் மெல்லிய ரப்பர் வைக்க வேண்டும்.

---

தம்பி,

சாய்வு தவறுதான், விட்டுவிடுகிறேன். பெட்டியைப் பின்னால் சரிப்பதற்கு அந்தச் சொல் நமக்குத் தேவைப்படும். இங்கே செலவழிக்கக் கூடாது.

உள் + திருப்பம் இலக்கணப்படி 'உட்டிருப்பம்' ஆகும். 'உட்திருப்பம்' என்று எழுதுவது இரண்டும் கெட்டது. கையில் அளவுநாடாவோடு படிப்பவருக்கு 'உள்'ளும் 'திருப்ப'மும் கண்ணில் பட வேண்டும். ஆகவே புணர்க்காமல் 'உள்திருப்பம்' என்றே இருக்கட்டும். எதிர்ப்பக்கம் போனால் 'வெளித்திருப்பம்'. சக்கரத்துக்கும் இந்த இரண்டு சொல்லும் செல்லும்.

ஒன்று பாக்கி. நீள சோபாவில் நாலு பேர் உட்கார்ந்தால் 30 பாகையையும் தாண்டித் திருப்புகிறோம். இரண்டு பெட்டியின் நேர்கோடும் கேட்பவருக்கு முன்னாலேயே வெட்டிக்கொள்ளும். ஓரத்தில் இருப்பவருக்குப் பக்கத்துப் பெட்டியின் மேல்சுரம் மங்கும், தூரத்துப் பெட்டி அவரை நேராகப் பார்க்கும். அதனால் குரல் பக்கத்துப் பெட்டியிலேயே ஒட்டிக்கொள்ளாமல் ஓரளவு நடுவுக்கு வரும். இதை 'மிகைத்திருப்பம்' என்றால் ஏதோ பிழை செய்ததுபோல் ஒலிக்கிறது. வேண்டுமென்றே செய்வது இது. 'குறுக்குத்திருப்பம்' என்று குறித்து வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமானது தோன்றினால் எழுது.