மெட்ரோ பக்கத்துல வாடகை வீடு, ரிவ்யூ எல்லாம் சூப்பர்… போய்ப் பாத்தா? உங்க அனுபவத்தச் சொல்லுங்க

ஜன்னலோரம்
நான் ரிவ்யூ பாத்து எடுத்ததுதான். "ஸ்டேஷன் ரெண்டே நிமிஷம், அமைதியான வீடு"ன்னு வரிசையா எழுதியிருந்தாங்க. கட்டில் வந்து சேரல, அதனால முதல் ராத்திரி தரையிலயே மெத்தையப் போட்டு படுத்தேன். கண்ணு சொருகுற நேரம் காதுல ஒண்ணும் கேக்கல ஆனா முதுகுல ஒரு அதிர்வு, தலைமாட்டுல வச்சிருந்த டம்ளர்ல தண்ணி வளையம் வளையமா நடுங்குது. நின்னுச்சு. கொஞ்ச நேரத்துல மறுபடியும். அடியில ட்ரெயின் போகுதுன்னு புரியவே நேரமாச்சு. அத்தன பேர் எழுதினாங்களே, ஒருத்தராவது இதச் சொல்லியிருக்கலாம்ல? அதுதான் இன்னமும் உறுத்துது.

கடைசிவண்டி
அவங்க பொய் சொல்லலங்க. ரெண்டு நாள் தங்கிட்டுப் போறவங்க பகல் பூரா வெளிய சுத்திட்டு அசந்து தூங்குவாங்க, அவங்களுக்கு எங்க தெரியப்போகுது. என் கதை வேற. ரெண்டு நிமிஷம்னது உண்மைதான், ஆனா வீட்டுப் பக்கம் இருக்கிற ஸ்டேஷன் வாசல் ராத்திரி சீக்கிரமே மூடிருவாங்க. காய்ச்சல்ல துவண்டு போன பொண்ண தோள்ல போட்டுட்டு படியேறி வரேன், கண்ணு முன்னாடியே ஷட்டர் கீழ வந்து தட்டுது. திரும்ப இறங்கி அடுத்த வாசல் வழியா மெயின் ரோட்ட சுத்தி வந்தோம். எந்த ரிவ்யூவுலயும் இல்ல.

மூணாவது மாடி
எனக்கும் அந்த அதிர்வு இருந்துச்சு, ஒரு வருஷம் ஓட்டினேன். வீடு பாக்கறவங்க தயவுசெஞ்சு இதக் கேளுங்க. பகல் பதினொரு மணிக்குப் போய் பாக்காதீங்க, ட்ரெயின் அடிக்கடி ஓடுற பீக் அவர்ல ஒரு தடவ, கடைசி ட்ரெயின் நேரத்துல ஒரு தடவ போங்க. செருப்பக் கழட்டிட்டு படுக்கையறை நடுவுல பேசாம நில்லுங்க, சுவத்துல உள்ளங்கைய வச்சுப் பாருங்க. தண்டவாளம் வளையுற இடத்துலயும், ட்ரெயின் ஒரு தண்டவாளத்துலேர்ந்து இன்னொண்ணுக்கு மாறுற இடத்துலயும் சத்தம் அதிகம், ஏன்னா அங்க சக்கரம் உரசும், தண்டவாள இடைவெளியில இடிக்கும். தண்டவாளத்துக்கு அடியில ரப்பர் பேட் போட்டிருந்தா நல்லாவே குறையும். கடைசி ட்ரெயின் போனா நிம்மதின்னும் நினைக்காதீங்க, பராமரிப்பு வேலையெல்லாம் அதுக்கப்புறம்தான் நடக்கும். சுரங்கத்துலேர்ந்து காத்து வெளிய விடுற ஷாஃப்ட் ஜன்னலுக்கு நேரா இருக்கான்னும் பாருங்க. ரிவ்யூவுல அஞ்சு ஸ்டார விட்டுட்டு மூணு ஸ்டாரப் படிங்க, அதுவும் மாசக்கணக்குல இருந்தவங்க எழுதினது. ஒரே வாரத்துல பத்துப் பதினஞ்சு வந்திருந்தா எனக்கு அப்பவே சந்தேகம்.

பழைய சாவி
மூணு ஸ்டாரப் படிச்சா தப்பிச்சிரலாம்ங்கறத நான் ஒத்துக்க மாட்டேன். நான் படிச்ச ரிவ்யூ எல்லாமே நிஜம், குறை சொன்னதும் நிஜம், ஆனா வேற ஒருத்தர் வீட்டோடது. போட்டோவையும் ரிவ்யூவையும் காப்பி பண்ணி எவனோ விளம்பரம் போட்டிருக்கான். அந்த முகவரிக்குப் போய் பெல் அடிச்சா ஒரு பெரியம்மா கதவத் திறந்து, "எங்க வீடு வாடகைக்கு இல்லப்பா, இன்னிக்கு நீ மூணாவது ஆளு"ங்கறாங்க. படியில திரும்பினா கையில பெட்டியோட ஒரு பையன் ஏறி வரான், போன் ஸ்க்ரீன்ல அதே போட்டோ. அவன் அட்வான்ஸ முந்தின நாளே அனுப்பிட்டானாம். பெட்டியக் கீழ வைக்காமலே நின்னான், "இல்லண்ணே, ஸ்டேஷன் பேரு சரியாதானே இருக்கு"ன்னு திரும்பத் திரும்ப என்கிட்ட கேட்டுட்டே இருந்தான்.