புதுப்பிப்பு: 1931 கணக்கெடுப்பில் பூட்டன் பெயரைத் தேடிய கதை

திருநெல்வேலிப் பக்கமிருந்து மும்பை தாராவிக்குத் தோல் பதனிடும் வேலைக்கு வந்த என் பூட்டன் பெயர் 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிடைக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். கிடைக்காது.

பிரிட்டனில் 100 ஆண்டு ஆனதும் வீடு வீடாக ஆள் பெயரோடு நிரப்பிய கணக்கெடுப்புத் தாள்களையே திறந்துவிடுகிறார்கள். 1921-க்கானவை 2022-இல் வெளிவந்தன. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு தனிநபர் விவரத்தைக் காட்டவே விடாது, எத்தனை வருடம் ஆனாலும் சரி. 1931-க்கு நம் கைக்கு வருவது அச்சான தொகுதிகள்தான். மொழி, தொழில், பிறந்த மாகாணம் என்று அட்டவணை அட்டவணையாக இருக்கிறது. படிக்கச் சுவாரஸ்யம்தான், ஆனால் ஆள் பெயர் ஒன்றுகூட இல்லை.

கைகொடுத்தது தாத்தா படித்த முனிசிபல் தமிழ்ப் பள்ளியின் பொதுப் பதிவேடு, அதாவது சேர்ந்த ஒவ்வொரு மாணவர் விவரத்தையும் எழுதிவைக்கும் பேரேடு. இங்கே பள்ளிகள் அதைப் பத்திரமாக வைத்திருப்பது பெரிய விஷயம். பிறந்த ஊர், தகப்பன் பெயர், சாதி எல்லாம் அந்த ஒரே வரியில். ஊர் நாங்குநேரி தாலுகாவாம். வீட்டில் எல்லோரும் பாளையங்கோட்டை என்றல்லவா சொல்லிக்கொண்டிருந்தார்கள்!

அப்புறம், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய நிலவரித் திட்டப் பதிவேடுகளை (எந்த நிலம் யார் பெயரில், எவ்வளவு வரி என்று எழுதியவை) பார்க்கச் சொன்ன அண்ணாச்சிக்கு நன்றி. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது சென்னையில் இறங்கிப் பார்க்கிறேன்.